பூநாரை பார்க்க கட்ச் போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

பூநாரைக்காகவே (ஃபிளமிங்கோ) பல குளிர்காலம் குஜராத் போய் வந்தவள் நான். போன வாரம் கட்ச் பகுதியின் உப்புச் சேற்றுவெளியான சின்ன ரானிலிருந்து திரும்பியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரேயடியாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து: அக்கா, பழவேற்காட்டுக்கே பூநாரை வருதே. அதுக்கு எதுக்கு குஜராத் வரைக்கும்?

பூநாரை மட்டும்தான் வேண்டும் என்றால் போகவே வேண்டாம். பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி எல்லாம் இருக்கின்றன. டிக்கெட் காசு மிச்சம். ஆனால் நம் கரையில் பார்ப்பது பெரும்பாலும் பெரிய பூநாரைதான். சிறிய பூநாரை இங்கே அபூர்வம், குஜராத்தில் கூட்டங்கூட்டமாக நிற்கும். இன்னொன்று, அந்த நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறும் உப்பும். அதன் நடுவே ஒரு முழங்கால் தண்ணீர். அதில் ஒரு ரோஜாநிறக் கோடு. கிட்டே போகப் போக அந்தக் கோட்டுக்குக் கால் முளைக்கும். கடற்கரையில் இந்த அனுபவம் கிடைக்காது.

கோவை: டிசம்பர் கடைசி வாரம்தான் லீவு. போகலாமா மேடம்?

மாதத்தைப் பிறகு பார்ப்போம். முதலில், அந்த வருஷம் மழை எப்படி?

ரான் முழுக்கப் பாலைவனமும் இல்லை, ஏரியும் இல்லை. தென்மேற்குப் பருவமழையின்போது ஒரு பக்கம் காற்று கடல்நீரை உள்ளே தள்ளும். இன்னொரு பக்கம் பனாஸ், ரூபேன் போன்ற ஆறுகள் கொண்டுவந்து கொட்டும். மேசை மாதிரி தட்டையான நிலம், தண்ணீர் ஓட வழியில்லாமல் பரந்து நிற்கும். மழை ஓய்ந்தபின் வெயிலில் வற்றி வற்றி, குளிர்காலத்தில் பள்ளமான இடங்களில் மட்டும் மிஞ்சும். பூநாரைக்கு வேண்டியது அந்த மிச்சத் தண்ணீர். மழை பொய்த்த வருஷம் டிசம்பருக்குள் சேறுகூடக் காய்ந்துவிடும். மழை கொட்டித் தீர்த்த வருஷமும் சிக்கல்தான்: எங்கும் தண்ணீர், பறவைகள் சிதறிப்போகும், ஜீப்பும் உள்ளே போக முடியாது.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் உள்ளூர் வழிகாட்டியைக் கூப்பிட்டு, "பறவை வந்திருக்கா?" என்று கேட்காதீர்கள். வந்திருக்கு என்றுதான் சொல்வார், அவர் பிழைப்பு அது. "தண்ணி இப்போ எங்கே நிக்குது?" என்று கேளுங்கள். நான் முதல் தடவை மழையைப் பற்றி விசாரிக்காமல் போய், மூன்று நாள் காட்டுக்கழுதையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

மதுரை: மொத்தமே நாலு நாள்தான். எந்த இடத்தை விடலாம்?

அகமதாபாத்தில் இறங்கி நேரே சின்ன ரான் போங்கள். சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் காட்டுக்கழுதை சரணாலயம். பஜானா பக்கத்து நீர்நிலைகள்தான் பூநாரைக்கு நல்லவை. அங்கே இரண்டு நாள். பிறகு தோலாவீரா. அங்கிருந்து காவ்டா போகும் சாலை ரானைக் குறுக்கே வெட்டிப் போகிறது. தண்ணீர் இருக்கும் வருஷம் காரில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் பூநாரை. தோலாவீராவில் ஹரப்பா காலத்து நகரமும் அதே பயணத்தில் கிடைக்கும். அப்படியே புஜ் போய் ரயில் பிடிக்கலாம்.

நள் சரோவர் ஏரி அகமதாபாத்துக்குப் பக்கம், படகில் போகலாம். ஞாயிறும் பண்டிகை நாளும் தவிருங்கள், திருவிழாக் கூட்டம். படகில் ஏறியதும் "கிட்டே போக வேண்டாம்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். சாரி தண்ட் புஜ்ஜுக்கு வடமேற்கே, பன்னி புல்வெளியை ஒட்டிய ஏரி. அங்கே கொக்குகளும் கழுகுகளும்தான் நாயகர்கள். நேரம் இல்லையென்றால் அதை விடலாம். கழுகுப் பைத்தியங்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

திருச்சி: பெரிசு, சிறிசுன்னு தூரத்துல இருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உயரத்தை நம்பாதீர்கள். பெரியது நாலடிக்கு மேல், சிறியது மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும், பக்கத்தில் ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் கண் ஏமாற்றும். அலகைப் பாருங்கள். பெரியதற்கு வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. சிறியதற்கு அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. தூரத்தில் கறுப்பாகவே தெரியும். மேயும் விதமும் வேறு. பெரியது தலையை ஆழமாக முக்கிச் சேற்றைக் கலக்கி, உப்புநீர் இறாலையும் புழுக்களையும் வடிகட்டும். சிறியது நீரின் மேல்பரப்பில் அலகை அப்படியும் இப்படியும் வீசி நுண்பாசி தின்னும். உணவு வேறு என்பதால்தான் ஒரே தண்ணீரில் இரண்டும் சண்டையில்லாமல் நிற்கின்றன.

ஈரோடு: என் பொண்ணு கேக்குறா, சிலது மட்டும் ஏன் வெள்ளையா, அழுக்கா இருக்கு?

கெட்டிக்காரி! அவை குஞ்சுகளும் இளசுகளும். பொரிக்கும்போது பூநாரைக்கு ரோஜாநிறம் கிடையாது. முதல் வருஷம் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். கேரட்டுக்கு நிறம் தரும் அதே வகைச் சத்து, பாசியிலும் இறாலிலும் இருக்கிறது. தின்னத் தின்ன அது இறகில் ஏறும். முழு நிறம் வர இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். சாம்பல் பறவைகள் நிறைய இருந்தால் அண்மையில் இனப்பெருக்கம் நன்றாக நடந்திருக்கிறது என்று நான் சந்தோஷப்படுவேன். படம் எடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: அது தலைகீழாகச் சாப்பிடும் பறவை. நாக்கை பம்பு மாதிரி அடித்துத் தண்ணீரை அலகோரச் சீப்பு வழியாகத் தள்ளும்.

புதுச்சேரி: 'பூநாரை நகரம்'னு ஒண்ணு இருக்காமே, அங்கே போக முடியுமா?

முடியாது, ஆசையும் வேண்டாம். பெரிய ரானுக்குள் பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் முட்டையிடும் இடம் அது. 1945ல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே போய், சுமார் ஐந்து லட்சம் பறவைகள் என்று மதிப்பிட்டார். சேற்றைக் குழைத்துச் சின்ன மேடு கட்டி, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. ஒரு மாதம் போல அடைகாப்பு, தாயும் தகப்பனும் மாறி மாறி. சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் நரி வராது. தண்ணீர் சீக்கிரம் வற்றினால் அந்த வருஷம் அவ்வளவுதான். நாம் எளிதாக நடந்துபோகும் அளவுக்கு நிலம் காய்ந்திருந்தால் அங்கே பறவை இருக்காது.

சேலம்: 300 எம்எம் லென்ஸ் போதுமா? டிரோன் கொண்டுவரலாமா?

லென்ஸ் போதும். டிரோன் வேண்டவே வேண்டாம். எல்லை மாவட்டம், பாதுகாப்புப் படைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட, ஒரு டிரோன் சத்தத்தில் ஆயிரம் பறவைகள் எழும்பும்.

ஜனவரியில் அங்கே சூரியன் ஏழே கால் தாண்டித்தான் எட்டிப்பார்க்கும். அதிலிருந்து இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு. வெயில் ஏறினால் கானல் ஆடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கூழ் காய்ச்சித்தான் கொடுக்கும். எவ்வளவு கிட்டே போகலாம் என்பதைப் பறவையே சொல்லும். தலை குனிந்து மேய்கிறவரை சரி. பத்து கழுத்து ஒன்றாக நிமிர்ந்தால் நில்லுங்கள். எல்லாம் ஒரே பக்கம் அணிவகுத்து நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே தப்புச் செய்தாயிற்று, பின்வாங்குங்கள். சிவப்பும் கறுப்புமாக விரிந்த சிறகு வேண்டும் என்று விரட்டுகிறவர்களோடு நான் ஒரே ஜீப்பில் ஏறுவதில்லை. காத்திருங்கள், ஒன்றிரண்டு தானாகவே இடம் மாறும்.

பெங்களூரு: சொந்தக் காரில் ரானுக்குள் இறங்கலாமா?

மேலே காய்ந்த தோல், கீழே களி. எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரே ஒருமுறை ஏமாந்து, அச்சுவரை புதைந்தோம். உப்பளத் தொழிலாளர்களான அகரியாக்கள்தான் பலகையும் கயிறும் கொண்டுவந்து இழுத்துப்போட்டு, தேநீரும் கொடுத்தார்கள். உள்ளூர் ஜீப்பில் போங்கள். அவர்களுடைய உப்புப் பாத்தி வரப்புகளில் கேட்காமல் நடக்காதீர்கள்.

தஞ்சாவூர்: இதுதானே செங்கால் நாரை?

இல்லை. அது வெள்ளை நாரை வகை, நேரான சிவந்த அலகு, சிவந்த கால். பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. குஜராத்தில் பூநாரையை 'சுர்காப்' என்பார்கள், அது அவர்களுடைய மாநிலப் பறவை. அதே பெயரை ராஜஸ்தானில் கேட்டால் ஒரு செம்பழுப்பு வாத்தைக் காட்டுவார்கள்!

வேலூர்: எழுபது வயசு அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. திறந்த ஜீப்பில் விடியற்காலைக் குளிர்காற்று காதுக்குள் குத்தும். மப்ளரும் கம்பளியும் அவசியம். ரானுக்குள் கழிப்பறை கிடையாது, கிளம்பும்முன் சொல்லிவிடுங்கள். சாப்பாடு கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம், சுட்ட கத்தரிக்காய். அம்மாவுக்குப் பிடிக்கும்.

நாகர்கோவில்: எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து நேர் ரயில் உண்டா?

திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகருக்கு இருக்கிறது, இரண்டு இரவு ரயிலிலேயே போகும். அதில் வந்தால் ரானை விட்டுவிட்டு கிஜாடியா பறவைகள் சரணாலயம் பாருங்கள், ஜாம்நகருக்குப் பக்கம்தான். ஒரு கரை, அதற்கு ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் உப்பு நீர். கரைமேல் நின்று கழுத்தைத் திருப்பினால் போதும். கொங்கண் பாதையில் போகும் ரயில், பகல் நேரத்துக்கு ஜன்னல் சீட்டு பாருங்கள்.