உள்ளூர் கேபிள் சேனலுக்குச் சம்பளமில்லாமல் நிகழ்ச்சி எடுத்துக் கொடுக்கிறோம், படப்பிடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

நாகர்கோவில் பக்கம் ஒரு கேபிள் சேனலுக்கு ஊர் நிகழ்ச்சி எடுத்துக் கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, டீயும் பழ பஜ்ஜியும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்ன கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஹெட்போன் வாங்குங்கள் என்பேன்.

முட்டம் கடற்கரையில் ஒரு பாட்டா (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார், யார் எந்தப் பக்கம் கயிறு பிடிப்பது, மீனை எப்படிப் பங்கு வைப்பது என்று அவ்வளவு அழகாக. ஆனி மாதக் காற்று. நான் ஹெட்போன் போடவில்லை. வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால் பாட்டாவின் வாய் அசைகிறது, கேட்பது காற்று மட்டும். அடுத்த வாரம் வெட்கத்தோடு திரும்பப் போனேன். "அதான் அன்னைக்கே சொன்னேன்லா மக்கா" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் நம் ஆட்கள் பார்த்துவிடுவார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள். கடற்கரையில் பேசுகிறவரின் முதுகு காற்றைப் பார்த்து இருக்கட்டும், சட்டை மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே, அதன் மேல் ரோமம் வைத்த உறை. சின்ன ஸ்பாஞ்ச் உறை எங்கள் ஊர்க் காற்றுக்குப் பத்தாது.

கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையைப் பின்னால் வைத்துப் பேட்டி எடுக்க எல்லோருக்கும் ஆசை. காலையில் எடுத்தால் சூரியனும் அந்தப் பக்கம்தான் இருக்கும், முகம் கரிக்கட்டை. சாயங்காலம் போங்கள், மேற்கு வெயில் முகத்தில் விழும்.

கல்யாண மண்டபத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறதென்றால் போனைத் திட்டாதீர்கள், நான் ஒரு வருடம் திட்டினேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரமான ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நம் நாட்டு டிவியும் 25 ஃப்ரேம்தான்.

அப்புறம், கேமராவை ஆட்டாதீர்கள். தோவாளை பூச்சந்தைக்கு ஒரு தம்பியை அனுப்பினோம், பிச்சிப்பூவில் ஆரம்பித்து தராசு, கூடை, லாரி என்று ஒரே வீச்சில் சுற்றிக்கொண்டு வந்தான், எடிட் செய்ய ஒரு ஷாட் தேறவில்லை. தராசு தனி, பூ கட்டுகிற விரல் தனி, ஒவ்வொன்றையும் ஸ்டாண்டில் வைத்து மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பேட்டியில் ஒருவர் இருமினாலோ சொன்னதையே திரும்பச் சொன்னாலோ, அந்த இடத்தை வெட்டி மேலே இந்த விரல் ஷாட்டைப் போட்டு மூடிவிடலாம்.

கோயில் கொடை விழாவில் சினிமாப் பாட்டு ஒலிபெருக்கியில் அலறும். பேச்சோடு அது சேர்ந்தால் பிரிப்பது பெரும்பாடு, யூடியூபில் போட்டால் உரிமைத் தகராறு வேறு. நிறுத்தச் சொன்னால் விழாக் கமிட்டி கேட்காது, கேட்டுப் பார்த்தாச்சு. ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பின்பக்கமாக ஒரு தெரு தள்ளிப்போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டை மட்டும் அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள், எவ்வளவு தூக்கம் வந்தாலும்.