உதவித்தொகை வாங்குபவருக்கும் இன்னொரு தொகை உண்டு

அக்கா, பக்கவாதத்தில் படுத்த உங்கள் கணவருக்கு சாஸா (தென்னாப்பிரிக்க அரசின் உதவித்தொகை அமைப்பு) தரும் ஊனமுற்றோர் உதவித்தொகை டயபருக்கும் டாக்ஸிக்குமே போய்விடுகிறது, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வேறு எங்கே கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அதே அலுவலகத்தில்தான். 'கிராண்ட்-இன்-எய்ட்' என்று ஒன்று உண்டு. பெறும் தொகையைக் குறைக்காமல் அதன்மேல் கூடுதலாக வருவது. முழுநேரமும் பிறர் பராமரிப்பு தேவைப்படுபவருக்கு உரியது. 2024 ஏப்ரலில் மாதம் 530 ராண்டாக இருந்தது. பெரிய பணமில்லைதான். ஆனாலும் கவுன்டரில் அவர்களாக இதைச் சொல்ல மாட்டார்கள். என் அம்மாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே இரண்டு வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எல்லாம் மருத்துவ அறிக்கையில்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். டாக்டர் முன்னால் மானம் பார்த்து, "சமாளித்துக்கொள்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள், நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் கணவரால் அலுவலகத்துக்கு வர முடியாவிட்டால் அவருடைய கடிதமும் டாக்டர் குறிப்பும் கொண்டு நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தேதியிட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.