கடைசிப் பக்கம் விடுபட்ட ஜிப் கோப்பு

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் பாட்டா வாங்கிய ரப்பர் தோட்டத்தின் பழைய ஆவணங்களை நாகர்கோவிலில் ஒரு கடையில் ஸ்கேன் செய்தோம். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக்கி லிங்க் அனுப்பினார்கள். செல்போனில் டவுன்லோடு செய்து, பென்டிரைவ் வழியாகக் கணினிக்கு மாற்றினேன். திறந்தால், கோப்பு செல்லாதது என்று விண்டோஸ் சொல்கிறது. பழுதுபார்க்கும் மென்பொருள் வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். பழுது கோப்பில் இருக்கிறதா, அது உங்களிடம் வந்து சேர்ந்த வழியில் இருக்கிறதா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலும் வழியில்தான் இருக்கும்.

நிலப் பத்திரத்தில் சொத்து விவரம், அதாவது தபசில், கடைசியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1989ஆம் ஆண்டு ஃபில் காட்ஸ் உருவாக்கிய ஜிப் அமைப்பும் அப்படித்தான்: உள்ளே என்னென்ன கோப்புகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்னும் பட்டியல் கோப்பின் வாலில் எழுதப்படுகிறது. ஆகவே டவுன்லோடு தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றுபோனாலும், முன்னால் உள்ள பக்கங்கள் அனைத்தும் நலமாக இருக்க, வாலைத் தேடிப் போகும் விண்டோஸ் அங்கே பட்டியலைக் காணாமல் முழுக் கோப்பையும் செல்லாது என்று தள்ளிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் கோப்பின் அளவு இல்லை. கடையின் லிங்க், செல்போன், பென்டிரைவ் ஆகிய மூன்று இடங்களிலும் அதைப் பாருங்கள். செல்போனிலேயே குறைந்திருந்தால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கிறது. வைஃபையில் மீண்டும் இறக்குங்கள். செல்போனில் முழுதாக இருந்து பென்டிரைவில் குறைந்திருந்தால், எழுதி முடியும் முன்பே அதைப் பிடுங்கியிருப்பீர்கள். யூஎஸ்பி கேபிள் வழியாக நேரே கணினிக்கு மாற்றினால் போதும். இங்கே ஒரு குழப்பம் நேரக்கூடும்: பல ஆண்ட்ராய்டு செல்போன்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதால், செல்போனில் 1.50 ஜிபி என்று தெரியும் கோப்பு கணினியில் ஏறத்தாழ 1.4 ஜிபி என்றே தெரியும். அது குறைவல்ல. பிராப்பர்ட்டீஸில் 'சைஸ்' என்ற வரியில் உள்ள பைட் எண்ணிக்கையை வைத்தே ஒப்பிட வேண்டும்.

அளவு சில கேபி மட்டுமே என்றால் உங்களிடம் இருப்பது ஜிப்பே அல்ல. நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்துகள் பி, கே (ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள்) என்று இல்லாமல் இணையப் பக்கத்தின் குறிகளாக இருந்தால், லாகின் கேட்கும் பக்கமே ஜிப் என்ற பெயரில் இறங்கியிருக்கிறது.

மூன்று இடங்களிலும் அளவு ஒன்றாக இருந்தும் திறக்கவில்லையெனில், இலவச மென்பொருளான செவன்-ஜிப்பில் திறந்து பாருங்கள். கடைக்காரர் ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறையில் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும், ரார் என்னும் வேறு வகைச் சுருக்கக் கோப்புக்கு ஜிப் என்று பெயர் வைத்திருந்தாலும் விண்டோஸ் தடுமாறும் இடத்தில் இது திறந்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு கோப்போடும் பதிந்து வைத்த சிஆர்சி என்னும் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப்பார்த்து, எது கெட்டது என்று பெயர் சொல்லும்.

1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் உங்கள் ஆவணங்களில் பல மலையாளத்தில் இருக்கும். கடைக்காரர் கோப்புகளுக்கும் மலையாளத்திலேயே பெயர் வைத்திருக்கலாம். திறந்த பிறகு பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெயர்கள் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொது முறையில்) உள்ளன என்னும் குறியை ஜிப் செய்த மென்பொருள் இடத் தவறியிருக்கும். பெயர்தான் சிதையும், உள்ளிருக்கும் படம் சிதையாது.

பழுதுபார்க்கும் மென்பொருள்களைப் பற்றி: வின்ரார் போன்றவை ஜிப்பின் பட்டியலைத்தான் புதிதாக எழுதித் தரும். வந்து சேராத பக்கத்தை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. 'ஆன்லைனில் சரிசெய்து தருகிறோம்' என்னும் தளங்களில் குடும்பச் சொத்தின் பத்திரங்களை ஏற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் ஸ்கேன்களை அழித்துவிட்டார்கள் என்றால், வால் அறுந்த அந்தக் கோப்பையே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு செவன்-ஜிப்பில் திறங்கள். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, தனக்கென ஒரு தலைப்புக் குறிப்போடு இருப்பதால், அறுந்த இடத்துக்கு முன் உள்ளவை பெரும்பாலும் முழுதாக வெளிவரும். வந்தவற்றை மூல ஆவணங்களோடு ஒத்துப்பார்த்து, விடுபட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனால் போதும்.