ஐரோப்பியக் கோட்டைகளில் இருக்கும் பிற்காலக் கோதிக் (இடைக்காலத்தின் இறுதிக் கலைப்பாணி) மரச்சிற்பங்கள் எந்த ஊரில் செய்தவை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் கோட்டையை மறந்துவிடுங்கள். சிற்பம் இப்போது நிற்கும் இடத்துக்கும் அதைச் செய்த ஊருக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. வியன்னா பக்கத்தில் க்ரோய்ட்சன்ஸ்டைன் கோட்டை இருக்கிறதே, பார்த்தால் அசல் இடைக்காலக் கோட்டை மாதிரிதான் தெரியும். ஆனால் 1645இல் ஸ்வீடன் படை தகர்த்துப் போட்ட இடிபாட்டின் மேல், 1874க்குப் பிறகு வில்செக் பிரபு எழுப்பியது அது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து பழைய பொருட்களை வாங்கிப் பொருத்தினார். வாங்கிய ரசீதோ கடிதமோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம், முகத்தைவிட முதுகு முக்கியம். தெற்கு ஜெர்மனிச் சிற்பி பெரும்பாலும் லிண்டன் மரத்தில் செதுக்குவார். ஆன்ட்வெர்ப், பிரசல்ஸ் பக்கம் ஓக். பெரிய உருவங்களின் முதுகைக் குடைந்திருப்பார்கள், மரம் காயும்போது வெடிக்காமல் இருக்க. ஓக் என்றால் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து காலம் சொல்லலாம். லிண்டனில் அது லேசில் நடக்காது.

நல்ல காலமாக, ஆன்ட்வெர்ப், பிரசல்ஸ், மெகெலன் எல்லாம் இருந்த பிராபன்ட் பகுதியில், ஊர்க் கைவினைஞர் சங்கங்கள் தரமுத்திரை குத்தின. ஆன்ட்வெர்ப்புக்குச் சூடு போட்டுப் பதித்த கை வடிவம். பிரசல்ஸ் சிற்பிகளுக்குச் சுத்தியல். மெகெலன் ஊரின் சின்னச் சிலைகளில், பெரும்பாலும் வால்நட் மரம், ஊர்ச் சின்னத்திலிருந்து எடுத்த மூன்று கோடுகள் இருக்கும். உப்பிய கன்னமும் அகன்ற நெற்றியுமாக இருக்கும் இந்தப் பொம்மைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் முத்திரை ஊரைத்தான் சொல்லும், சிற்பியின் பெயரை அல்ல. முத்திரை இல்லாததால் அந்த ஊர்ச் சரக்கு இல்லை என்றும் ஆகிவிடாது.

பாணியை வைத்துச் சொல்வதைக் கடைசியில் வையுங்கள். "சுவேபியா (தெற்கு ஜெர்மனிப் பகுதி), சுமார் 1500" என்ற விளக்க அட்டையைப் பார்த்தால் நான் பாதிதான் நம்புவேன். ஆவணம் இருந்தால் கதையே வேறு. ஜெர்மன் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் மியூனர்ஸ்டாட் ஊர்த் தேவாலயத்துக்கு 1490 ஒப்பந்தப்படி செய்த பலிபீடம் பிறகு சிதறிப்போனது. அதிலிருந்த மரிய மகதலேனா சிற்பம் இப்போது மியூனிக்கில், நற்செய்தியாளர்கள் நால்வரின் சிற்பங்களும் பெர்லினில். இருந்தும் எந்த ஊருக்குச் செய்தது, யார் கை என்பதில் சந்தேகமே இல்லை. அவர் வண்ணம் பூசாமல் விட்ட அந்தப் பலிபீடத்துக்குப் பிற்பாடு நிறம் கொடுத்தவர் ஃபைட் ஷ்டோஸ் என்ற இன்னொரு சிற்பி என்பது வரை தெரியும்.

நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று: வண்டுத் துளைகள். உள்ளே தின்ற வண்டு வெளியே வரும்போது சிறு வட்ட ஓட்டைதான் போடும். அதற்குப் பதிலாக மேற்பரப்பில் நீளவாட்டில் திறந்த வாய்க்கால்கள் ஓடினால், வண்டு தின்றுமுடித்த பிறகு யாரோ உளி வைத்திருக்கிறார்கள். ஒன்று பிற்காலத்தில் சீவிய பழைய சிற்பம், இல்லை பழைய மரத்தில் செய்த போலி.