லினக்ஸில் காணொளித் தொகுப்பு: சென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (மயிலாப்பூர்): மகளின் கச்சேரியைக் கைபேசியில் பதிவு செய்து, கேடென்லைவ் (Kdenlive) என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் தொகுத்தேன். வர்ணத்தில் பொருந்தியிருந்த ஒலி, தில்லானா வரும்போது உதட்டசைவை விட்டு விலகிவிடுகிறது. இது மென்பொருளின் குறையா?

பதில்: இல்லை, கோப்பிலேயே இருக்கும் சிக்கல் இது. பெரும்பாலான கைபேசிகள் அரங்கின் வெளிச்சத்தையும் தம் சூட்டையும் பொறுத்து, நொடிக்கு எத்தனை ஃபிரேம் (காணொளியை உருவாக்கும் தனிப்படங்கள்) எடுப்பது என்பதைப் பதிவின் நடுவிலேயே மாற்றிக்கொள்கின்றன. தொகுப்பு மென்பொருளோ ஒரே சீரான எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவதால், நீண்ட பதிவுகளில் ஒலியும் படமும் பிரியத் தொடங்குகின்றன. கேடென்லைவின் அண்மைப் பதிப்புகள் இத்தகைய கோப்பைச் சேர்க்கும்போதே அதைக் கண்டறிந்து, தொகுப்பதற்கேற்ற வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கும், தயங்காமல் சம்மதியுங்கள். ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுத்து முன்னதாகவே மாற்றிக்கொள்வதும் நல்ல வழிதான். அடுத்த கச்சேரியில், சபாவின் மிக்சரிலிருந்து ஒலியைத் தனியே பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டுப் பாருங்கள். கைபேசியின் ஒலியை ஆதாரமாகக் குறித்துவிட்டால், தனிப் பதிவை அதனோடு பொருத்தும் வசதி கேடென்லைவிலேயே இருக்கிறது. தம்பூராவின் நாதம் கைபேசி மைக்கில் மங்கிப்போவதைக் கேட்டவர்களுக்கு இந்த உழைப்பின் பயன் புரியும்.

கேள்வி (வடபழனி): குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடுகின்றன. எந்த ஃபில்டரால் நீக்கலாம்?

பதில்: படம்பிடிக்கும்போதே தவிர்க்க வேண்டிய பிழை இது, பின்னர் நீக்க முயன்றால் படத்தின் கூர்மை கெடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கேமராவை நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி என்று அமைத்தால் பட்டைகள் தோன்றா.

கேள்வி (தாம்பரம், மாணவி): என் பழைய மடிக்கணினியில் 4கே கோப்புகள் திக்கித் திணறுகின்றன. ரிச்சி தெருவில் புதிய கணினியே வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. கேடென்லைவின் திட்ட அமைப்பில் ‘ப்ராக்ஸி’ என்னும் பதிலி நகல் வசதியை இயக்குங்கள். தொகுக்கும் வரை சிறிய நகல்கள் ஓடும். இறுதிக் கோப்பு மூலப் பதிவிலிருந்தே உருவாகும்.

கேள்வி (பெரம்பூர்): தலைப்பில் தமிழ் எழுத்துகள் குலைகின்றனவே?

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்; கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும்.