எந்தப் பிராணி வளர்க்கலாம்? கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எந்த நாய் வாங்கினால் நல்லது? உடனே பதில் தேவை.

யாருக்கு நல்லது? வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், தினமும் யார் வெளியே கூட்டிப் போவார்கள், ஒன்றையும் எழுதவில்லை. எழுதி மறுபடி அனுப்புங்கள். நாய் என்றால் ஏறக்குறைய 12 வருடப் பொறுப்பு. அதற்கு 'உடனே' பதில் வேண்டுமென்றால், வேண்டாம் என்பதுதான்.

கேள்வி: கணவன், மனைவி இருவரும் காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 7 ஆகிவிடும். நாய்க்குட்டி வளர்க்கலாமா?

கூடாது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. தினம் மூன்று, நான்கு வேளை தீனி வேறு. குணம் தெரிந்த, வளர்ந்த பூனையாக எடுங்கள். ஒன்றோடு ஒன்று பழகிய இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பூனை 15 வருடம் இருக்கும், சிலது 20-ஐயும் தொடும். வருடக் கணக்கை முதலில் போடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 6 வயது. முயல் கேட்கிறாள். சாதுவான பிராணிதானே?

சாதுதான். ஆனால் தூக்கிக் கொஞ்சினால் முயலுக்குப் பிடிக்காது. பிடி சரியில்லாமல் உதறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் தீனியில் முக்கால்வாசிக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அரை நாள் எதையும் தொடவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். வருடக் கணக்கு: எட்டிலிருந்து பத்து. அப்போது மகளுக்குப் பரீட்சை இருக்கும், முயல் உங்கள் தலையில். உங்களுக்கு ஆசை இருந்தால் வாங்குங்கள், அவளுக்காக வேண்டாம்.

கேள்வி: பக் அல்லது ஃபிரெஞ்ச் புல்டாக் நாய் வாங்க ஆசை. அந்தச் சப்பை மூஞ்சியும் குறட்டையும் குழந்தை மாதிரியே இருக்கிறது. எதை வாங்கலாம்?

இரண்டும் வேண்டாம். இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை.

நீங்கள் ரசிக்கிற அந்தக் குறட்டை, காற்று போக வழியில்லாத சத்தம். அழகுக்காக மூஞ்சி எலும்பைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கினார்கள். உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. அண்ணத்தின் பின்சதை நீண்டு தொண்டையை மறிக்கும், தடித்த நாக்கு மிச்ச இடத்தை அடைக்கும். பலவற்றுக்கு மூக்குத் துவாரம் வெறும் கீறல்தான். நம்மைப் போல் உடம்பு முழுக்க வேர்த்து நாய்க்குச் சூடு தணியாது, இரைத்துத்தான் தணிய வேண்டும். இரைக்கவே முடியாத நாயை வெயிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நாக்கு நீலம் பாரித்து என் மேஜைக்கு வருகிறது.

படுத்தால் மூச்சு முட்டுவதால் சிலது உட்கார்ந்தபடியே தூங்கும். சிலது பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்கும், வாய் மூடாமல் இருப்பதற்காக. அதைப் படம் எடுத்து 'எவ்வளவு அழகு பாருங்க டாக்டர்' என்று எனக்கே அனுப்புகிறார்கள்! பிதுங்கிய கண்ணில் புண், மடிப்புத் தோலில் சீழ், புல்டாக் வகைகளுக்குப் பிரசவமே பெரும்பாலும் சிசேரியன். மூக்கையும் அண்ணத்தையும் அறுவை செய்து ஓரளவு சரிப்படுத்தலாம்தான். கத்தி வைத்தால்தான் மூச்சு விடும் என்கிற நாயை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஏற்கெனவே வளர்ப்பவர்கள் எடை ஏறவிடாதீர்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போடுங்கள்.

கேள்வி: பூனை முடி எனக்கு அலர்ஜி. முடியில்லாத பூனை ஒத்துக்கொள்ளுமா?

அலர்ஜி முடியால் வருவதில்லை. எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதத்தால் வருகிறது. முடியில்லாத பூனையும் உடம்பை நக்கத்தான் செய்யும். பூனை இருக்கும் வீட்டில் நாலைந்து தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதற்கும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: வேலையே வைக்காத பிராணி வேண்டும். கிண்ணத்தில் தங்கமீன் வைக்கலாமா?

வேலையே வேண்டாம் என்றால் செடி கூட வேண்டாம். கிண்ணத்தில் மீனின் கழிவே அம்மோனியாவாகி அதைக் கொல்லும். வடிகட்டி வைத்த பெரிய தொட்டியிலும், கழிவை முறிக்கும் பாக்டீரியா நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தங்கமீன் ஒரு சாண் வளரும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் தாண்டும்.

கேள்வி: எனக்கு 66 வயது. பேச்சுத்துணைக்கு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கலாமா?

அது 40, 50 வருடம் வாழும். உயிலில் யார் பெயருக்கு எழுதுவீர்கள்? காட்டில் பிடித்து விற்றே அருகிப்போன இனம். 2016-ல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு அதைக் கடும் தடைப் பட்டியலுக்கு மாற்றியது. ஆள் தேடும் ஏழெட்டு வயது நாய் ஒன்றை எடுங்கள். பேசாது, ஆனால் நீங்கள் பேசினால் கேட்கும்.

கேள்வி: ஒரு மாத நாய்க்குட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கூடாது. எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும். வாங்கப் போகும்போது தாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.