ஒரே நாளில் கெந்திங்: முட்டிவலி அம்மாவுடன் போகலாமா?

மலேசியாவின் மலை உல்லாசத்தலமான கெந்திங்குக்குத் தாராளமாகப் போகலாம் அக்கா, ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது வேண்டாம். கோச்சில் போக மட்டுமே ஆறேழு மணி நேரம். பள்ளி விடுமுறை என்றால் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே கால் வீங்கிவிடும். முதல் நாள் கோலாலம்பூரில் தங்கி, அங்கிருந்து வழிகாட்டியுடன் போகும் ஒருநாள் பயணத்தைப் பிடியுங்கள்.

பயண ஏற்பாட்டாளர்கள் பலரும் பத்துமலை முருகன் கோயிலையும் சேர்த்தே விற்கிறார்கள். அங்கே 272 படிகள். நீங்கள் மட்டும் ஏறுங்கள். அம்மா கீழே முருகன் சிலையருகே கும்பிட்டுக்கொள்ளட்டும்.

மலைக்குக் கேபிள் கார்தானா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். சில கோச்சுகள் நேரே உச்சிக்குப் போய்விடும், பிறகு என்ன சுவை? கேபிள் கார் கிளம்பும் அவானா நிலையத்திலிருந்து ஏறினால் சுமார் பத்து நிமிடம். பாதி வழியில் மேகம் சூழ்ந்து கண்ணாடி வெளுத்துவிடும். என் அம்மா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு, "முருகா, இறக்கிவிடு" என்றார். கண்ணாடித் தரைப் பெட்டி வேண்டவே வேண்டாம். நடுவில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கலாம், ஆனால் குழுவோடு போனால் நேரம் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சி சுமார் 1,800 மீட்டர். அம்மாவுக்கு ஸ்வெட்டர், காலுறை. அப்புறம், கைப்பையில் முட்டித் தைலம்.